சேதுபதி மருமகனும் செகண்ட்ஹேண்ட் அம்பாசிடரும்

சுங்கத் தகராறால் பெயர் வாங்கிய ஊர்கள் உலகத்தில் எத்தனை இருக்கிறதோ, எங்கள் தீவில் மட்டும் இரண்டு இருக்கின்றன. பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் நோக்கிப் போனால் முதலில் அக்காள்மடம், அடுத்தது தங்கச்சிமடம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமநாதபுரத்தை ஆண்ட விஜயரகுநாத சேதுபதிக்கு ஒரு மருமகன் இருந்தார் என்பது இந்தப் பக்கத்துக் கதை. ராஜா தன் இரண்டு பெண்களையும் அவருக்கே கட்டிக்கொடுத்து, பாம்பன் பகுதிக்கு அதிகாரியாகவும் போட்டுவைத்தார். மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்கவில்லை. ராமநாதசாமியைக் கும்பிடக் கடல் கடந்து வந்தவர்களிடம் தோணித்துறையில் நின்று காசு பிரிக்க ஆரம்பித்தார். சேதி அரண்மனைக்கு எட்டியது. சாமி கும்பிட வந்தவனிடம் சுங்கமா என்று கொதித்த மாமனார், மருமகன் என்றுகூடப் பார்க்காமல் கதையை முடிக்கச் சொல்லிவிட்டார். பெண்கள் இருவரும் உடன்கட்டை ஏறினார்கள். அவர்கள் நினைவாக எழுந்த மடங்களைச் சுற்றித்தான் இந்த இரண்டு ஊரும்.

கதையில் ஒரு தப்பும் செய்யாதவர்கள் அந்தப் பெண்கள்தான். காசு பிரித்தது புருஷன், தீர்ப்புச் சொன்னது அப்பா, நெருப்பில் இறங்கியது இவர்கள். அந்த நியாயத்தைப் பேச இன்னொரு கட்டுரை வேண்டும். இங்கே எனக்கு வேண்டியது மருமகன். ஏனென்றால் சுதந்திரத்துக்குப் பிறகு டெல்லியில் இருந்தவர்கள் செய்ததும் அவர் செய்த காரியம்தான். துறையை மறித்து நின்றார்கள், கடந்து வருகிற வண்டிக்கெல்லாம் காசு கேட்டார்கள், பிறகு வண்டியே வரவேண்டாம் என்றார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: இந்தத் தடவை மாமனாரே மாப்பிள்ளைக்குக் காவல் நின்றார்.

வெள்ளைக்காரன் காலத்தில் கார் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கொட்டகை போட்டு, வந்த பெட்டியைப் பிரித்து, நட்டு போல்ட்டு முறுக்கிக் காராக்கி விற்றது. ஃபோர்டும் மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா என்று கடை விரித்தது. 1942-இல் பிர்லா வீட்டார் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆரம்பித்தார்கள். 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆரம்பித்தார். 1948-இல் மெட்ராஸ் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் வந்தது. அதே ஆண்டு எண்ணூரில் ஆஸ்டின் காரைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸும் வந்தது. இந்த அசோக்தான் பிறகு லேலண்டைக் கட்டிக்கொண்டு லாரிப் பக்கம் போய்ப் பிழைத்துக்கொண்டது. புத்திசாலி.

1949-இல் முழுக் கார் இறக்குமதிக்குத் தடை வந்தது. 1953-இல் சுங்கவரி ஆணையம் இன்னொன்று சொன்னது: பாகங்களை இங்கேயே செய்யத் திட்டம் வைத்திருப்பவன் இருக்கலாம், பெட்டி பிரித்து முறுக்குகிறவன் கிளம்பலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அப்போது வர்த்தக, தொழில் அமைச்சர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அமைச்சராகும் முன்னால் வெள்ளைக்காரக் கம்பெனிச் சோப்பையும் சாமானையும் ஊர் ஊராக விற்று ஏஜென்சி நடத்திப் பெயர் எடுத்தவர். இறக்குமதிச் சரக்கின் வாசனை அறிந்த கைதான் இறக்குமதிக் கதவைச் சாத்தியது.

சாத்தியது தப்பென்று நான் சொல்லமாட்டேன். கையில் அந்நியச் செலாவணி இல்லை. அரிசிக்கும் மருந்துக்கும் இயந்திரத்துக்கும் டாலர் தேடுகிற நாடு, பணக்காரர் பவனி வர செவர்லேவுக்கும் டாலர் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. கோளாறு கதவில் இல்லை. எப்போது திறப்போம் என்று யாரும் தேதி குறிக்கவில்லை, அதில் இருந்தது. பொருளாதாரக்காரர்கள் இதைக் குழந்தைத் தொழில் என்பார்கள். குழந்தை வளரும்வரை வெளியாள் அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். குழந்தைக்கு மீசை முளைத்தது, நரைத்தது, பல்லும் விழுந்தது. காவல் மட்டும் விலகவில்லை. இதற்குக் குழந்தை என்று பெயர் வைத்தவருக்கு நம் குடும்ப வழக்கம் தெரியாது. இது வீட்டோட மாப்பிள்ளை. மூன்று வேளை சோறு நிச்சயம், கேள்வி கேட்க ஆள் கிடையாது, வெளியே போய் நாலு பேரோடு மோதிப் பிழைக்க வேண்டிய தலையெழுத்தும் இல்லை. அப்புறம் எதற்கு அவர் வேலைக்குப் போவார்?

பிர்லா வீட்டு மாப்பிள்ளையின் பெயர் அம்பாசிடர். இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்று பிறந்து, அங்கே 1959-இல் ஓய்வு பெற்றவர். இங்கே 1957-58 வாக்கில் மாலை மாற்றிக்கொண்டு 2014 வரை உட்கார்ந்து சாப்பிட்டார். முகப்பு வலையை மாற்றி மார்க் டூ என்றார்கள், மறுபடி மாற்றி மார்க் த்ரீ என்றார்கள். பம்பாய் மாப்பிள்ளை ஃபியட் 1100. பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்டார். மெட்ராஸ் மாப்பிள்ளை ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றே பேர். நாட்டில் எத்தனை கோடிப் பேர் இருந்தாலும் கார் என்றால் இந்த மூன்றில் ஒன்று.

அதையாவது ஆசை தீரச் செய்யவிட்டார்களா? கார் ஆடம்பரப் பொருள், ஆகவே ஆண்டுக்கு இத்தனைதான் செய்யலாம் என்று லைசென்ஸில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். 1970களில் மூன்று கம்பெனியும் சேர்ந்து ஆண்டுக்கு முப்பது, நாற்பதாயிரம் கார்தான். ராஜாஜி இதற்குப் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று பட்டம் சூட்டினார். கிழவர் திட்டியதில் பாதி அரசியல் என்று அப்போது சிரித்தவர்கள், பிறகு தங்கள் ஃபியட் புக்கிங் ரசீதைத் தாங்களே தேடிப் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போதுதான் பழைய கார் மேடைக்கு வருகிறது.

புதுக் காருக்கு விலையை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. 1970 சமயத்தில் பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலை. நல்ல விலைதான், கார்தான் இல்லை. முன்பணம் கட்டி, பெயர் பதிந்து, வரிசையில் நிற்க வேண்டும். ஃபியட்டுக்கு வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அரசு ஒதுக்கீட்டில் வருகிறவர் பக்கவாட்டில் நுழைந்து முன்னால் போய் நிற்பார். அப்படி நிற்கிறவருக்கு ஒரு நாள் வண்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷோரூம் வாசலைத் தாண்டியவுடன் அதன் விலை குறைய வேண்டும் என்பது உலக வழக்கம். இங்கே ஏறியது. காரணம் எளிது. வாசலில் நிற்கும் அந்த வண்டிக்கு வரிசை கிடையாது. பணத்தை எண்ணி வைத்தால் சாவி கையில். ஆகவே வாங்குகிறவர் ஓடிய மைலுக்குக் கழிக்கவில்லை. காத்திருக்காத ஆண்டுகளுக்குக் கூட்டிக் கொடுத்தார். அரசு போட்ட விலைக்கும் ஜனம் கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் நடுவே இருந்த பணம், கம்பெனிக்கும் போகவில்லை, கஜானாவுக்கும் போகவில்லை. வரிசையில் முன்னால் நின்றவர் மடியில் பிரீமியம் என்ற பெயரில், கறுப்பாக விழுந்தது. புதிது இந்த லட்சணத்தில் இருந்தால், அதன் கீழே இருக்கும் ஐந்து வயது வண்டி, பத்து வயது வண்டி எல்லாம் படிப்படியாக ஏறிக்கொள்ளும். மேல் படியை உயர்த்தினால் கீழ்ப்படி மட்டும் தரையிலா நிற்கும்? கிழக்கு ஜெர்மனியிலும் இதே கூத்துதான். டிராபண்ட் காருக்குப் பத்தாண்டுக்கு மேல் வரிசை. ஓட்டிய டிராபண்ட் புதிதைவிட விலை கூடுதல். அங்கே அதைச் சோசலிசம் என்றார்கள், இங்கே கலப்புப் பொருளாதாரம் என்றோம். வண்டி விற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வரிசைக்கு அப்பால் காசும் பெரிய காசு. பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ஒரு ஃபியட் வாங்கினார், விலை 12,000 ரூபாய். வங்கியில் இருந்தது 7,000. மீதி 5,000-க்கு பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் போட்டார். கடனை அடைக்கும் முன்னே 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இறந்துபோனார். மனைவி லலிதா தன் ஓய்வூதியத்திலிருந்து மிச்சத்தைக் கட்டி முடித்தார். அந்தக் காலத் தங்க விலைக்கு 12,000 என்பது ஏறத்தாழ 200 பவுன். நாட்டையே ஆண்டவருக்கு ஒரு ஃபியட் தவணையில்தான் கைக்கு எட்டியது என்றால், ராமநாதபுரத்து வாத்தியாருக்கு அது காலண்டர் படம்.

இவ்வளவு அமளி நடந்தபோது எங்கள் தீவு நிம்மதியாக இருந்தது. காரணம், அரசாங்கம் போட்ட சுவரைவிட நல்ல சுவர் எங்களிடம் இருந்தது. அதற்குப் பாம்பன் கால்வாய் என்று பெயர். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் வந்துவிட்டது. எழும்பூரில் டிக்கெட் வாங்கினால் போட் மெயிலில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி, கொழும்பு கோட்டையில் இறங்கலாம். தனுஷ்கோடியில் சுங்க அலுவலகம் உட்பட எல்லாம் இருந்தது, ஆனால் மண்டபத்திலிருந்து தீவுக்கு சாலை கிடையாது. கார் வரவேண்டுமென்றால் ரயில் தட்டு வேகனில் ஏறி, கட்டுக் கயிறோடு, மாடு போல வரவேண்டும். கொழும்புக்குப் போக ஒரே டிக்கெட், அக்காள்மடத்துக்குக் காரில் வர வழியில்லை. இந்த வினோதம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

1964 அக்டோபரில் அதே சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் உட்கார்ந்து மலையகத் தமிழர்களைப் பங்கு போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. கார் ஒதுக்கீட்டில்கூட இவ்வளவு துல்லியம் கிடையாது. கையெழுத்து காய்ந்து இரண்டு மாதத்தில், டிசம்பர் 22 ராத்திரி, புயல் வந்து தனுஷ்கோடியை வழித்துக்கொண்டு போனது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. அதில் தகரப் பெட்டியோடும் பாய்ச்சுருட்டோடும் இறங்கியவர்களை எங்கள் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த சாமானுக்கு வரி போட ஒன்றுமே இருக்கவில்லை.

சிறிமாவோ அம்மையார் 1970-இல் மறுபடி ஆட்சிக்கு வந்தார். நிதியமைச்சர் என்.எம். பெரேரா. பாண் ரொட்டிக்கே வரிசை நின்ற நாட்டில் வாகனத்துக்கு யார் டாலர் விடுவார்கள்? ஓடிக்கொண்டிருந்த மோரிஸ் மைனர்களும் ஆஸ்டின்களும் தாத்தா, அப்பா, பிள்ளை என்று கைமாறின. 1977-இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன வந்து கதவைத் திறந்தார். ஜப்பானில் ஓட்டி முடித்த கார்கள், ரீகண்டிஷன் என்ற கௌரவப் பட்டத்தோடு, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. அக்கரையில் டொயோட்டா ஓடியபோது இக்கரையில் நாங்கள் அம்பாசிடரின் கிங்பின்னுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தோம்.

வெளிநாட்டுக் காரே இங்கே கண்ணில் படவில்லை என்று நினைக்க வேண்டாம். தூதரகத்துக்காரர்கள் கொண்டுவருவார்கள். ஊர் திரும்பும்போது அவற்றை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்க, அது ஏலம் விடும். சினிமாக்காரர்களும் மில் முதலாளிகளும் போட்டி போட்டு ஏற்றுவார்கள். வெளிநாட்டில் பிள்ளைகளின் நாய்க்குட்டி உட்கார்ந்து கிழித்த சீட்டு, இங்கே ராஜ சிம்மாசனமானது. இந்தப் பைத்தியத்துக்கு மருந்து கொடுத்த ஒரே ஆள் எம்.ஆர். ராதா. செவர்லே இம்பாலா வாங்கி, அதில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனார் என்று கதை உண்டு. காசு கொடுத்து வாங்கிய தகரடப்பா, எனக்கு எது வசதியோ அதற்கு வைத்துக்கொள்கிறேன் என்பது அவர் கட்சி. திட்டக் கமிஷனில் அவரை ஒரு உறுப்பினராகப் போட்டிருக்கலாம்.

மெட்ராஸ் மாப்பிள்ளையின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். ஹெரால்டு, கெஸல் எல்லாம் முடிந்து சும்மா இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு 1985-இல் ஒரு ஞானோதயம் வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 என்ற அழகான காரின் உடம்பை வாங்கி வந்தார்கள். நீளம், பளபளப்பு, பவர் விண்டோ, எல்லாம் உண்டு. உள்ளே எந்த இன்ஜின் வைப்பது என்ற கேள்வி வந்தது. ஷெட்டில் ஒரு இன்ஜின் கிடந்தது: 1940களின் வான்கார்டு வழி வந்தது. அதையே தட்டித் துடைத்து வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்றார்கள். முதல் சில மாதம் ஜனம் ஆவென்று பார்த்தது. பிறகு பெட்ரோல் குடித்த கணக்கைப் பார்த்தது. சில வருடங்களில் கம்பெனியே முடிந்தது. பெருங்களத்தூரில் அந்த இடத்தில் இப்போது ஐ.டி. வளாகம் நிற்கிறது. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் போனில் தட்டினால் கார் வாசலுக்கு வருகிறது. அதே மண்ணில் ஒரு காலத்தில் கார் கேட்டவனை வருஷக்கணக்கில் காக்கவைத்தார்கள் என்றால் நம்பமாட்டார்கள்.

காக்கவைத்த கூட்டத்தை உலுக்கியது மாருதி. அது பிறந்த விதமே தனிச் சிரிப்பு. ஊருக்கெல்லாம் லைசென்ஸ் இல்லை என்ற அரசாங்கம், பிரதமரின் மகனுக்கு மட்டும் மக்கள் கார் செய்ய லைசென்ஸ் கொடுத்தது. சஞ்சய் காந்தி கடைசிவரை கார் செய்யவில்லை. கம்பெனி 1977-இல் கடனில் மூழ்கியது. அவர் இறந்தபின் 1981-இல் அரசு அதை எடுத்துக்கொண்டு, 1982-இல் சுசூகியைக் கூட்டுச் சேர்த்தது. 1983 டிசம்பர் 14-இல் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை ஐம்பதாயிரத்துக்குள். பத்தாயிரம் முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் பதிந்துவிட்டிருந்தார்கள், அதனால் யாருக்கு முதலில் என்று குலுக்கல். நாம் எதையும் விடவில்லை பாருங்கள். வரிசைக்குப் பெயர் பெற்ற நாட்டில் புதுமை என்று வந்ததும் வரிசைதான். சீட்டு விழுந்தவர்களில் பலர் ஓட்டக்கூட இல்லை. வந்த வண்டியை அப்படியே மேல்விலைக்குக் கைமாற்றினார்கள். சீட்டு விழுந்ததே ஒரு தொழில்.

எங்கள் சாலைப் பாலமும் இதே ஜாதகத்தில் பிறந்ததுதான். 1974-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1988 அக்டோபர் 2-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். இரண்டேகால் கிலோமீட்டரைக் கடக்கப் பதினான்கு வருஷம். பாலம் திறந்த கையோடு மதுரையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் யாத்ரீகர் அம்பாசிடர்கள் அக்காள்மடத்தைத் தாண்டி ஓட ஆரம்பித்தன. பார்த்துக்கொண்டிருந்த நம்மவர்களுக்கும் டாக்ஸி ஆசை வந்தது. புது வண்டிக்கு வக்கில்லை. பழசு தேடினார்கள்.

பாலம் வந்த புதிதில் அப்படியொரு பழைய அம்பாசிடரைப் பேசி முடித்த சடங்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தென்னந்தோப்பு ஓரம் வண்டி நிற்கிறது. பச்சை டர்ப்பன்டைன் வாசனை இன்னும் போகாத பெயிண்ட். தரகர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தார்: "மதுரை வண்டிண்ணே. ஒரே டாக்டர் ஓட்டுனது. உப்புக் காத்தே பட்டதில்ல." வாங்க வந்தவர் ராமநாதபுரத்திலிருந்து ஒரு மேஸ்திரியைக் கூட்டி வந்திருந்தார். மேஸ்திரி பேசவே இல்லை. பானட்டைத் தூக்கினார். ஆயில் மூடியைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, ஓட்டைக்கு மேல் உள்ளங்கையை வைத்துப் புகை எவ்வளவு மோதுகிறது என்று பார்த்தார். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், டொக் டொக்கென்றது. பிறகு சட்டைப்பையிலிருந்து, ஏதோ பழைய ரேடியோ ஸ்பீக்கரில் பிடுங்கிய வட்டக் காந்தத்தை எடுத்தார். கூரையில் வைத்தார், ஒட்டியது. கதவின் மேல் பாதியில் வைத்தார், ஒட்டியது. கீழ்ப் பாதியில் வைத்தார். நழுவி மணலில் விழுந்தது. மட்கார்டில் வைத்தார், விழுந்தது. தகரம் இருந்த இடத்தில் எல்லாம் பட்டி.

குனிந்து காந்தத்தை எடுத்து மணலை ஊதிக்கொண்டே மேஸ்திரி சொன்னார்: "டாக்டர் வண்டிதான்ணே, சந்தேகமே இல்ல. கதவு பூராம் கட்டுப் போட்டு அனுப்பியிருக்காரு."

எல்லாரும் சிரித்தோம், தரகரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அதே வண்டியைத் தரகர் சொன்ன விலையில் சொற்பம் குறைத்து முடித்தார்கள். ஏனென்றால் இதை விட்டால் அடுத்தது இதைவிட மோசம், விலையும் கூடுதல் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். காந்தம் எவ்வளவுதான் உண்மை பேசினாலும் பேரத்தில் அதற்குச் செல்வாக்குக் கிடையாது.

1993-இல் காருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றார்கள். கொரியாக்காரன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தான், விரட்டப்பட்ட ஃபோர்டு மறைமலை நகருக்குத் திரும்பி வந்தது. அதுவரை தங்கமாக இருந்த பழைய கார், தகரம் என்று அடையாளம் கண்டுகொள்ளப்பட்டது. ஷோரூமில் புதிது காத்துக் கிடந்தால் பழசுக்கு யார் பிரீமியம் கொடுப்பார்கள்? மாப்பிள்ளைகள் இருவரும் கொஞ்ச நாள் இழுத்துப் பறித்துப் பார்த்தார்கள். பத்மினி முதலில் கண்ணை மூடினார். அம்பாசிடர் 2014 மே மாதம். ஆனாலும் அவர் வாழ்ந்த வாழ்வுக்கு ஒரு கடைசி மரியாதை பாக்கி இருந்தது: 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இன்ஜின் இல்லை, சக்கரம் இல்லை, பட்டி பார்த்த கதவுகூட இல்லை. இந்தியாவின் மிக விலையுயர்ந்த செகண்ட்ஹேண்ட் அம்பாசிடர் அதுதான்.

ஒரு கதவு மட்டும் இன்றும் சாத்தியே இருக்கிறது. வெளிநாட்டில் ஓட்டிய காரைக் கொண்டுவர வேண்டுமா? மூன்று வயதுக்கு மேல் இருக்கக்கூடாது, ஸ்டீயரிங் வலதுபக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும் வரவேண்டும், அதற்கு மேல் காரின் விலையைத் தாண்டும் வரி. ஜப்பான்காரன் தள்ளிவிடும் கார் இலங்கைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகலாம், இங்கே வரலாகாது. வந்தால் குழந்தைகள் பயந்துவிடும். இந்தக் குழந்தைகள் இப்போது வருஷத்துக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் கார் செய்கின்றன. இதற்கு நேர் எதிராக, உள்நாட்டுக்குள்ளேயே ஒரு உத்தரவு பழைய காரின் விலையைக் கவிழ்த்தது. தலைநகரில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்று கெடு வைத்தார்கள்; அங்கே மலிந்த வண்டிகள் தடையில்லாச் சான்றோடு தெற்கே இறங்கி வந்தன. தரகர் வசனம்கூட மாறிவிட்டது. டாக்டர் போய், "டெல்லி வண்டிண்ணே" வந்திருக்கிறது.

பிழைக்கப் போன நம் ஆட்கள் மலேசியாவில் பார்த்ததும் வேறல்ல. 1985-இல் மகாதீர் புரோட்டான் சாகாவைப் பெற்றெடுத்து, வெளிக் காரை வரியால் தடுத்தார்; ஏ.பி. என்ற இறக்குமதி அனுமதிச் சீட்டு அங்கே அதற்கு முன்பே இருந்தது. சீட்டு சில புள்ளிகளின் கையிலேயே சேர்ந்தது. 2005-இல் அவர்களுக்கு ஏ.பி. ராஜாக்கள் என்றே பெயர் வந்து பாராளுமன்றம் வரை நாறியது. கார் விற்றுச் சம்பாதித்தவனைவிடச் சீட்டு வைத்திருந்தவன் சொகுசாக இருந்தான்.

ஆனால் எங்களுக்குக் கண்ணெதிரே நடந்த கூத்து அக்கரையில். 2020 மார்ச்சில் இலங்கை டாலர் இல்லையென்று வாகன இறக்குமதியை நிறுத்தியது. அதற்குச் சற்று முன்பே மஞ்சள் இறக்குமதியையும் இறுக்கிவிட்டிருந்தார்கள். மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது. ஈரோட்டு மஞ்சள் மண்டபத்துக் கரைக்கு வந்து, ராத்திரியில் வள்ளம் ஏறியது. கடலோரக் காவலும் கியூ பிரிவு போலீசும் மூட்டை மூட்டையாகப் பிடித்து மணலில் அடுக்கிப் படம் எடுத்தார்கள். தடை போட்ட சாமான் கடலைத் தாண்டத் துடிக்கும் என்பது சேதுபதி காலத்துப் பாடம். காருக்கு மட்டும் அந்த வழி அடைபட்டது, எந்த வள்ளமும் ஆல்டோவைத் தாங்காது. அதனால் ஏறிய விலை இறங்கவே இல்லை. இந்தியாவில் நாலு லட்சத்தை ஒட்டி விற்ற நம்ம மாருதி ஆல்டோ, ஒரு காலத்தில் கொழும்பில் ஏழைக்கேற்ற கார் என்று இறங்கியது. தடைக்குப் பிறகு, ஐந்து வருஷம் ஓடிய ஆல்டோவை வாங்கிய விலைக்கு மேல் விற்றார்கள். சில வண்டிகளுக்கு விலை இரண்டு, மூன்று மடங்கு. நாட்டில் ரூபாய் கரைந்துகொண்டிருந்தபோது வாசலில் நின்ற வாகனம்தான் வங்கி வைப்பு.

அங்கேயும் பக்கவாட்டு வாசல் உண்டு. அரசு அதிகாரிகள், மருத்துவர்கள், பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வரிச் சலுகைப் பெர்மிட் கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. காகிதத்தை வியாபாரியிடம் விற்றுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். ராஜாஜி இருந்திருந்தால் தலைமன்னாரில் தன் கட்சிக்கு ஒரு கிளை திறந்திருப்பார்.

2025 பிப்ரவரி 1-இல் தடை நீங்கியது. உடனே சுங்க வரி, அதன் மேல் கூடுதல் வரி, கலால், சொகுசு வரி, எல்லாவற்றின் மேலும் 18 சதவீத வாட் என்று அடுக்கினார்கள். அதனால் புதிதின் விலை வானத்திலேயே நின்றது. பழசு சற்றே தயங்கிவிட்டு அதன் நிழலிலேயே நின்றது. மன்னாரில் எனக்கொரு சொந்தக்காரர் இருக்கிறார், முறைக்கு மச்சான். தடைக் காலத்தில் உச்ச விலை கொடுத்து ஒரு பழைய வாகனம் வாங்கியவர். அதற்கு முன்னால் வாரம் ஒருமுறை எனக்குப் போன் போட்டு, அரசாங்கத்தைத் திட்டித் தீர்ப்பார். இப்போதும் போன் வருகிறது.

"மச்சான், வரியைக் குறைக்கப் போறாங்களாம் எண்டு இங்க கதைக்கிறாங்கள்."

"நல்ல சேதிதான மச்சான்?"

"என்ன நல்ல சேதி? குறைச்சா என்ர வாகனம் என்ன விலைக்குப் போகும்? வரி குறையக் கூடாதெண்டு மடு மாதாவுக்கு நேர்த்தி வச்சிருக்கிறன்."

"இறக்குமதியைத் திறந்துவிடணும்னு அதே மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டது நீங்கதான?"

"அது வாங்க முந்தி, இது வாங்கினாப் பிறகு. ரெண்டுக்கும் வேற வேற மெழுகுதிரி கொளுத்தினனான்."